'பிறகு' என்றொரு பொத்தான்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மேடையில் நேரம் போதாமல் விட்ட சில பகுதிகளும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா தூக்கம் வராம பேசு" என்றார். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். மன்னிக்கணும். நான் பேசப்போவது ரொம்பச் சின்ன விஷயம். கணிப்பொறித் திரையின் மூலையில் திடீரென்று வந்து நிற்குமே ஒரு கட்டம், அதைப் பற்றி. "புதிய பதிப்பு தயாராக உள்ளது. இப்போது நிறுவவா, பிறகு நிறுவவா?" உங்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். முன் வரிசையில் இரண்டு பேர் இப்போதே தலையாட்டுகிறார்கள். அந்தக் கட்டத்தில் 'இப்போது' உண்டு, 'பிறகு' உண்டு. 'வேண்டாம்' எங்கே போச்சு?

அது எங்கே போச்சு என்று எனக்குத் தெரியும். ஒரு இடத்திலாவது அதை எடுத்தவன் நான்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர் சொல்லவில்லை, சொன்னால் உங்களில் பாதிப் பேர் "அட, அங்கேயா" என்பீர்கள். என் ரெக்கார்டு நோட்டுகள் அங்கேதான் பைண்டிங் ஆயின. அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டிய சலான் நகலும் அங்கேதான் எடுத்தது. கடைக்காரர் தென்மாவட்டத்திலிருந்து வந்தவர். எங்களுக்கு அவர் அண்ணாச்சி. பிறகு காலம் மாறி, ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் திருத்தம், மின்கட்டணம் எல்லாம் அந்தக் கடைக்கே வந்து சேர்ந்தன. இரண்டு கணிப்பொறி, ஒரு பிரிண்டர், ஒரு பழைய ஏர்கூலர்.

2018-ல் ஒரு ராத்திரி. வேலை முடிந்து சோழிங்கநல்லூரிலிருந்து வந்து, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை நகல் எடுக்க அங்கே போனேன். மணி பத்தரை இருக்கும். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பெண், இருபத்தெட்டு முப்பது வயசு, கையில் சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறை. அரசுத் தேர்வு ஒன்றுக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். இரவு 11.59 வரை நேரம். விண்ணப்பத்தில் முக்கால்வாசி நிரப்பியாகிவிட்டது. போட்டோவும் கையெழுத்தும் ஏற்றியாகிவிட்டது. பணம் கட்டுகிற பக்கம் வருவதற்கு முன் திரை நீலமாகி, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "புதுப்பிக்கப்படுகிறது, 12 சதவீதம். கணிப்பொறியை அணைக்க வேண்டாம்."

இன்னொரு கணிப்பொறியில் இன்டர்நெட் லைன் போகவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். பொறியாளன் என்றால் எல்லாரும் ஒரு மந்திரம் எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. பாதியில் அணைத்தால் பெட்டியே திரும்ப எழுந்திருக்காமல் போகலாம். செல்போனிலிருந்து முயன்றோம், வெப்சைட் செல்போனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 31 சதவீதத்தில் அது ரொம்ப நேரம் நின்றது. 11.50-க்குப் பெட்டி திரும்ப எழுந்தது. மறுபடி லாகின், மறுபடி ஓ.டி.பி., பணம் கட்டுகிற பக்கம். கடைசி நாள் கூட்டம் வேறு. சுற்றிக்கொண்டே இருந்தது. 12 மணி.

அந்தப் பெண் அழவில்லை. உறையை மூடிக்கொண்டு, "எவ்ளோ ஆச்சு அண்ணா?" என்றார். அண்ணாச்சி வாங்கவில்லை. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஷட்டரை இறக்கும்போது அண்ணாச்சி கேட்டார்: "ஏன் தம்பி, கடையை எப்ப தொறக்கணும் எப்ப மூடணும்னு நான்தானே முடிவு பண்றேன். இந்தப் பெட்டியும் நான் காசு குடுத்து வாங்கினதுதானே. இது எப்ப மூடணும்னு எவன் முடிவு பண்றான்?" கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கதானே இதெல்லாம் எழுதுறீங்க" என்றார்.

குத்திக்காட்டச் சொன்னதில்லை. ஆனால் அந்த வாரம் நான் ஆபீசில் செய்துகொண்டிருந்த வேலை எதுவென்று அவருக்குத் தெரியாது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் சிறு கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் தயாரித்தது. அதன் அடுத்த பதிப்பில் புதுப்பிப்பு அறிவிப்பை மாற்றும் பொறுப்பு எனக்கு. மூன்று பொத்தான் இருந்தது. 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டு இரண்டாக்கச் சொன்னார்கள். மூன்று தடவை 'பிறகு' அழுத்தினால், நாலாவது தடவை கேட்காமலே நிறுவிவிடும். நான் எழுதி முடித்து, சோதித்தும் பார்த்துவிட்டேன். நன்றாக வேலை செய்தது என்பதில் கொஞ்சம் பெருமைகூட.

இப்படிச் செய்யச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்லணும், இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். 2017 மே 12-ம் தேதி வான்னாகிரை என்ற தீநிரல் உலகைச் சுற்றி வந்தது. சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அவகாசம். நிறுவாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். 'பிறகு பிறகு' என்று தள்ளியதன் விலை அது. அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் கூட்டத்திலும், "பயனாளரிடம் கேட்டால் செய்யமாட்டார், நாமே செய்துவிடுவோம்" என்ற பேச்சு எளிதாக ஜெயித்தது. எங்கள் கூட்டத்திலும்தான். இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கூட்டத்தில் மெதுவான குரலில் சொல்வார்கள்: ஒன்பது பழைய பதிப்புகளுக்கு உதவி செய்வதைவிட ஒரே பதிப்புக்கு உதவி செய்வது மலிவு.

கடைச் சம்பவத்துக்கு மறுநாள் நான் மேலாளரிடம் போய், 'வேண்டாம்' பொத்தானைத் திருப்பி வைக்கலாம் என்றேன். மூன்று கூட்டம் நடந்தது. தோற்றேன். கடைசியில் ஒரு சின்னச் சலுகை கிடைத்தது: பில் திறந்திருக்கும்போது நிறுவக்கூடாது, கடை நேரம் எது என்று கடைக்காரரே குறித்துக்கொள்ளலாம், மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கட்டாய நிறுவல் கிடையாது. ஏன் அந்தத் தேதிகள் என்று வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 பதினொன்றாம் தேதி, 3-பி இருபதாம் தேதி. என் பதினைந்து வருஷ வேலையில் நான் எழுதியதிலேயே உருப்படியானது அந்தப் பத்துப் பதினைந்து வரி நிரல்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்கு யாரும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கவில்லை, சரி.

இது சின்னக் கடைக்காரர்களின் பிரச்சினை, பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று நினைக்கிறவர்கள் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை. நமக்கு நாலு ஸ்டேஷன் தள்ளி, திரிசூலத்துக்கு எதிரே இருக்கும் விமான நிலையத்தில் கம்ப்யூட்டர் செக்-இன் படுத்துவிட்டது. போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சென்னை மட்டுமல்ல, பெங்களூர், ஹைதராபாத், லண்டன், நியூயார்க் என்று உலகமெங்கும் அதே கதை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டது. இடையில் 78 நிமிடம். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழுந்துவிட்டன. உலகத்திலுள்ள விண்டோஸ் கணிப்பொறிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. ஒரு சதவீதத்துக்கே அந்தக் கூத்து.

தப்பு என்ன தெரியுமா? முதலாமாண்டு மாணவன் செய்கிற தப்பு. நிரல் 20 விவரங்களைத் தயாராக வைத்திருந்தது. புதிய கோப்பு 21-வது விவரத்தைப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தில் போய் நினைவகத்தைப் படித்தது. அதுவும் இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னலில் உட்கார்ந்துகொண்டு படித்தது. மொத்தப் பெட்டியும் விழுந்தது. திருப்பி எழுப்ப ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னாலும் ஒரு ஆள் போய் நின்று, சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. அனுப்ப ஒரு நொடி, அழிக்கப் பல நாள்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஜாக்கிரதையானவர்கள் இருந்தார்கள். "புதுப் பதிப்பு உடனே எங்களுக்கு வேண்டாம், ஒரு பதிப்பு பின்னால் இருக்கிறோம், ஊரார் சோதித்த பிறகு எடுத்துக்கொள்கிறோம்" என்று அமைத்து வைத்திருந்தார்கள். அதற்கு வசதியும் இருந்தது. அவர்கள் கணிப்பொறிகளும் சேர்ந்துதான் விழுந்தன. ஏனென்றால் அந்த வசதி நிரலுக்கு மட்டும்தான். இந்த மாதிரித் தகவல் கோப்புகளுக்கு இல்லை. அவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும். கதவுக்குப் பூட்டு கொடுத்தார்கள், ஜன்னல் அவர்கள் வசம் இருந்தது. சம்பவத்துக்குப் பிறகுதான், இனிக் கட்டம் கட்டமாக அனுப்புவோம், எப்போது ஏற்றுவது என்பதை வாடிக்கையாளரும் முடிவு செய்யலாம் என்று அறிவித்தார்கள். அண்ணாச்சி ஷட்டரை இறக்கிக்கொண்டே கேட்ட அதே கேள்வி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் ரயிலைச் சொல்வதுண்டு. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது மீட்டர் கேஜில். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பல்லாவரம் பிளாட்பாரத்தில் நின்றால் ஒரு பக்கம் மீட்டர் கேஜ், மறுபக்கம் பிராட் கேஜ். இரண்டும் சில வருஷம் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2004 ஜூலையில்தான் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. அதுவரைக்கும் ஜனங்கள் இரண்டிலும் ஏறிப் பழகினார்கள், திட்டினார்கள், பழகிவிட்டார்கள். ராத்திரி தூங்கி எழுந்தபோது தண்டவாளம் மாறியிருக்கவில்லை. ரயில்வேயை நான் எதற்குமே உதாரணம் காட்டுகிறவன் இல்லை. இதற்கு மட்டும் காட்டுகிறேன்.

சரி, பெட்டி யாருடையது என்ற கேள்வி புதியதில்லை. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஒருவருக்கு இதே கோபம் வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் இருப்பது. அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தார். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகும்படி அவர்களே நிரலை மாற்றி வைத்திருந்தார்கள். புதிதாக ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் வந்தது. அதுவும் சிக்கியது. இதிலும் அப்படியே செய்யலாம் என்று போனால் மூலநிரல் தரவில்லை. நிரலை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரும், "தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றுவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. ஒரு பிரிண்டர் சிக்கலிலிருந்து எங்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

அந்த வழி நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வரைக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2005-ல் மத்திய அரசு ஆதரவில் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையம் தொடங்கினார்கள். சி-டாக்கின் சென்னைப் பிரிவும், எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தின. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்ற லினக்ஸ் சென்னையில் உருவானதுதான். சுருக்கமாக 'பாஸ்'. பெயரை வைத்தவர் யாரோ, அண்ணாச்சியின் கேள்விக்கு அப்போதே பதில் வைத்திருக்கிறார்! 2011-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி வந்தபோது என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸும் இருந்தது. தங்கை ஒரு தடவைகூட பாஸ் பக்கம் போகவில்லை. "அது எதுக்குண்ணா இருக்கு?" என்று கேட்டாள். நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அதற்குப் பிறகும் போகவில்லை.

2019-ல் நான் அண்ணாச்சி கடையின் ஒரு பெட்டியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப உற்சாகமாக. "இனிமே நீங்க சொன்னாத்தான் அண்ணாச்சி இது அப்டேட் ஆகும்" என்றேன். நாலு நாள் நன்றாக ஓடியது. அஞ்சாம் நாள் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிய ஒரு மனு, அதில் இரண்டு வரி திருத்தணும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனால் ஊரில் தட்டச்சுக்காரர்களின் விரல்கள் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. பழைய கோப்புகளும் அப்படியே. எழுத்துருவை ஏற்றிவிட்டேன், மனு திரையில் தெரிந்தது. அதில் தட்டச்சுவதற்கான கீபோர்டு மென்பொருள் மட்டும் லினக்ஸில் ஓடவில்லை. அடுத்த வாரம் கைரேகைக் கருவி ஒத்துழைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் பிரிண்டர்; மறுபடியும் பிரிண்டர்தான். மூன்றாவது வாரம் அண்ணாச்சி சங்கடப்பட்டுக்கொண்டே, "தம்பி, பழையதையே போட்டுக் குடுத்துடுங்க. அது அப்பப்ப மூடிக்கும், ஆனா தொறந்திருக்கிறப்ப வேலை பாக்குது" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

இந்தத் தோல்வியை நான் மறைப்பதில்லை. லினக்ஸ் மேடையில் பேசுகிற நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது. உரிமை முழுசாக இருந்தது. மனுவில் இரண்டு வரி திருத்த முடியவில்லை. வாடிக்கையாளர் என்ன கோப்பைக் கொண்டுவருவார் என்பதை அண்ணாச்சி முடிவு செய்வதில்லையே. ஒரு பெட்டியை மட்டும் விடுதலை செய்தால் போதாது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. விண்ணப்ப வெப்சைட், எழுத்துரு, கைரேகைக் கருவி எல்லாம் சேர்ந்துதான் ஒரு கடை. மனுவை யூனிகோடில் தட்டச்சினால் அது எந்தப் பெட்டியிலும் திறக்கும். அதனால்தான் எழுத்துரு விஷயத்தை நான் மொழிப்பற்று என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. சொந்தப் பொருள் கணக்கில் சேர்க்கிறேன்.

இப்போது உங்கள் வீடுகளுக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு என்று அறிவித்தார்கள். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புராசஸரும் வேண்டும். அது இல்லாத பெட்டி, எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதிகாரபூர்வமாகத் தகுதியில்லாதது. மேசையில் இருக்கிற பெட்டி பழுதாகவில்லை. வேறு எங்கோ ஒரு தேதி முடிந்தது, அவ்வளவுதான். தூக்கிப் போடாதீர்கள். அப்பாவுக்கு பேப்பர் படிக்கவும் பேரனோடு வீடியோவில் பேசவும் மட்டும் பயன்படுகிற பெட்டி என்றால் லினக்ஸ் தாராளமாகப் போடலாம்; மனு திருத்துகிற தொல்லை அங்கே இல்லை.

விண்டோஸே வேண்டும் என்றால், அமைப்புகளில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, வேலை நேரத்தைக் குறித்துவிடுங்கள். புதுப்பிப்பைச் சில வாரம் நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. பரீட்சை விண்ணப்ப வாரத்தில் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் முடிந்ததும் மறக்காமல் நிறுவுங்கள். மே 12-ஐச் சொல்லியிருக்கிறேன். முக்கியமான கோப்புக்கு வேறொரு இடத்தில் நகல். இவ்வளவும் செய்ய பத்து நிமிடம் ஆகாது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளுக்கு யாரும் செய்து கொடுப்பதில்லை என்பதுதான் விஷயம்.

தம்பி தங்கைகளே, இன்னும் ஓரிரு வருஷத்தில் உங்களில் பலர் ஓ.எம்.ஆரிலோ, சானடோரியம் மெப்ஸிலோ உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு கட்டத்தை எழுதுவீர்கள். எத்தனை பொத்தான் வைக்கணும் என்று ஒரு கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சி இருக்கமாட்டார். பிளாஸ்டிக் உறையோடு வந்த பெண் இருக்கமாட்டார். நீங்கள் இருப்பீர்கள். மூன்று கூட்டம் பேசி நான் தோற்றேன் என்று சொன்னேன். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கிடைத்தது. நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறீர்கள், காலையில் நடந்த பட்டிமன்றத்தில் பார்த்தேன்.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். இந்த உரையை அச்செடுக்கத்தான். விண்ணப்பக் கடைசி நாள்களை ஒரு தினசரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதற்கு முந்தின ராத்திரியே இரண்டு பெட்டியையும் புதுப்பித்து, அணைத்து, ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாராம். "இப்ப நான்தான் தம்பி அதுக்கு முன்னாடியே முந்திக்கிறேன்" என்றார். பன்னிரண்டு பக்கம் அச்செடுத்தார். பதினோராம் பக்கத்தில் காகிதம் சிக்கியது.